தொழுகைக்கும் தோரணத்துக்கும் ஒரே குரல்

இஸ்லாத்தைத் தமிழ்த் தாளத்தில் பாடினார் நாகூர் இ.எம். ஹனிபா. அதே தாளத்தில் கட்சியையும் பாடினார். பெங்களூரின் தமிழ்ப் பேட்டைகளில் அந்தக் குரலுக்கு இன்னொரு வேலையும் இருந்தது.

பெங்களூரில் அல்சூரை ஒட்டியிருக்கும் ஜோகுபாளையம், தமிழ் காதில் விழாமல் ஒரு தெருவைக் கடக்க முடியாத பேட்டை. இது போன்ற பேட்டைகளில் மைக் செட் வைத்துப் பிழைத்தவர்களுக்கு ஒரு காலத்தில் மூன்று பேரின் ரெக்கார்டுகள் கட்டாயம் தேவைப்பட்டன. பிள்ளையார் பூஜைக்குச் சீர்காழி கோவிந்தராஜன். அம்மனுக்குக் கூழ் ஊற்றும் விழாவுக்கு எல்.ஆர். ஈஸ்வரி. மூன்றாவது, நாகூர் இ.எம். ஹனிபா.

முதல் இரண்டும் விழா முடிந்ததும் பெட்டிக்குள் போய்விடும். ஹனிபாவின் ரெக்கார்டுக்கு அந்த ஓய்வு கிடையாது. மீலாது விழாவுக்கு அது வேண்டும். முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்துக்கு வேண்டும். தி.மு.க. கூட்டத்துக்கு வேண்டும். எல்லா மதத்துக்காரர்களும் வந்துபோகும் டீக்கடைக்கு விடியற்காலையில் வேண்டும்.

1925 டிசம்பர் 25ஆம் தேதி பிறந்த ஹனிபா, 2015 ஏப்ரல் 8ஆம் தேதி சென்னையில் காலமானார். பதின்ம வயதில் பாடத் தொடங்கியவர், முதுமை வரை மேடையை விடவில்லை. முறையாகச் சங்கீதம் பயின்றவரல்ல. ஆனாலும் உச்ச ஸ்தாயியில் ஏறிய பிறகும் ஒரு மெய்யெழுத்துகூட மழுங்காத குரல் அது. ‘இசைமுரசு’ என்ற பட்டம் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பழந்தமிழ் மரபு முரசை மூன்றாகப் பிரிக்கிறது: வீரத்துக்கு ஒன்று, கொடைக்கு ஒன்று, நீதிக்கு ஒன்று. ஹனிபா இதில் எந்த முரசு என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். கடவுள் மறுப்பு இயக்கத்தின் வழியில் வந்த கட்சிக்குப் பாடிய தொழுகையாளி அவர். இசைக்கருவியே ஆகாது என்று சொல்லும் அறிஞர்கள் உள்ள மதத்தில், தபேலாவும் ஆர்மோனியமும் ஒலிக்க இறைவனைப் பாடியவர். இந்த இரண்டு முடிச்சுகளையும் அவிழ்க்க, அவருடைய ஊரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

துறைமுகம் தந்த தாளம்

நாகப்பட்டினத்துக்குச் சற்று வடக்கே, கடலோரத்தில் இருக்கிறது நாகூர். 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இறைநேசர் ஷாகுல் ஹமீது அடங்கியிருக்கும் தர்காவால் அறியப்படும் ஊர். அங்குள்ள ஐந்து மினாராக்களில் மிக உயர்ந்ததைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சையின் மராட்டிய மன்னர் பிரதாப் சிங். கந்தூரிக் கொடி நாகப்பட்டினத்திலிருந்து ஊர்வலமாகப் புறப்படும்போது பார்க்க வருபவர்களில் இந்துக்களும் ஏராளம். கப்பலேறிப் போனவர்கள் தங்கள் இறைநேசரின் நினைவையும் கூடவே கொண்டுபோனார்கள். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் நாகூர் தர்காவின் பெயரில் நினைவிடங்கள் எழுந்தன.

இந்த ஊரில் மதமும் பாட்டும் பக்கத்து வீட்டுக்காரர்களாக வளர்ந்தன. தமிழ் முஸ்லிம்களுக்கு உமறுப் புலவரின் சீறாப்புராணம் காப்பியம் என்றால், அதற்குக் கீழே மக்கள் நாவில் புழங்கும் வேறொரு இலக்கியக் குவியல் இருந்தது. கிஸ்ஸா, நாமா, மசலா, முனாஜாத்து, படைப்போர் என்று அரபும் பாரசீகமும் தந்த வகைகள் ஒரு பக்கம். கும்மி, சிந்து, கண்ணி, தாலாட்டு என்று தமிழ் மண்ணின் வகைகள் மறுபக்கம். பின்னவற்றின் மெட்டில் நபிகள் நாயகத்தின் வரலாறு பாடப்பட்டது. தாயிராவைத் தட்டிக்கொண்டு தெருவில் பாடிவந்த பக்கீர்கள் ஒருபுறம்; மாப்பிள்ளை ஊர்வலத்தில் பைத்து பாடும் குழுக்கள் இன்னொருபுறம். தக்கலையில் பீர் முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியை ஆண்டுதோறும் இரவு முழுக்கக் கூடி ஓதும் வழக்கமும் இதே பரந்த மரபைச் சேர்ந்ததுதான்.

ஹனிபாவின் தந்தை நாகூர்க்காரர். தாய் வீடு ராமநாதபுரம்; அவர் பிறந்ததும் அங்கேதான். கல்யாண வீடுகள்தான் அவருக்கு முதல் மேடை. கல்யாணக் கூட்டம் கச்சேரிக் கூட்டத்தைப் போல உட்கார்ந்து கேட்காது. பந்தி பரிமாறுவார்கள், குழந்தை அழும், சம்பந்திகள் பேசிக்கொண்டிருப்பார்கள். அத்தனை சத்தத்தையும் தாண்டிப் போய்க் காதைத் தொட வேண்டும். ராக ஆலாபனைக்கு அங்கே நேரமில்லை. சிறிய பல்லவி, நடைபோடும் தாளம், இரண்டாவது முறை கேட்கும்போதே சேர்ந்து பாடக்கூடிய மெட்டு. ஹனிபாவின் பாணி இந்தக் கட்டாயத்தில் உருவானது. நாகூர்ப் புலவர் ஆபிதீன், கிளியனூர் அப்துல் சலாம் போன்றவர்களின் வரிகள் அந்தப் பாணிக்குப் பொருத்தமாக வந்து அமைந்தன.

இப்படி நேர்ந்தது நாகூரில் மட்டுமல்ல. மேற்கு ஆப்பிரிக்காவின் கானா கடற்கரையில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த இசை ‘ஹைலைஃப்’. மாலுமிகள் கொண்டுவந்த கிடார், கோட்டைப் பட்டாளத்தின் பித்தளை வாத்தியங்கள், உள்ளூர்ப் பறைகளின் தாளம் மூன்றும் கலந்தது அது. உள்ளே போகக் காசில்லாமல் கிளப்புக்கு வெளியே நின்றவர்கள், உள்ளே ஆடிய கனவான்களின் வாழ்க்கையைப் பார்த்து வைத்த பெயர் என்று சொல்வார்கள். அந்த இசை நைஜீரியாவுக்குப் போனது. எடோ மாநிலத்தின் அஃபென்மாய் பகுதியில் அல்ஹாஜி வசீரி ஒஷோமா என்ற பாடகர், ஊர்த் தாளத்தையும் ஹைலைஃபையும் பிணைத்து, இஸ்லாமிய அறவுரைகளை ஆட்டப் பாட்டாக்கினார். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் கலந்து வாழும் அந்தப் பகுதியில் இரு சாராரும் அதற்கு ஆடினார்கள். எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளின் முற்பகுதியிலும் அவர் வெளியிட்ட பாட்டுகளை 2022இல் நியூயார்க்கின் லுவாக்கா பாப் நிறுவனம் தொகுத்து வெளியிட்ட பிறகுதான் வெளியுலகம் அவர் பெயரைப் பரவலாகக் கேள்விப்பட்டது. ஹஜ் முடித்தவரைத் தமிழ் முஸ்லிம்கள் ‘அல்ஹாஜ்’ என்று எழுதுவார்கள். நைஜீரியர்கள் ‘அல்ஹாஜி’ என்கிறார்கள். வேற்றுமை ஓர் எழுத்துதான்.

தலைவர் வரும் வரை

தஞ்சை மாவட்டத்தின் முஸ்லிம்களுக்கும் திராவிட இயக்கத்துக்கும் இருந்த நெருக்கத்தைச் சொல்லாமல் ஹனிபாவின் கதை முழுமையடையாது. சாதி இழிவிலிருந்து விடுபட இஸ்லாம் ஒரு வழி என்று நாற்பதுகளில் பெரியார் வெளிப்படையாகப் பேசினார். திராவிட இயக்கப் பேச்சாளர்கள் மீலாது மேடைகளில் ஏறினார்கள். நபிகளின் சமத்துவத்தைப் பற்றி அவர்கள் பேச, முஸ்லிம் பாடகர் பாடுவார். பேச்சாளரும் பாடகரும் ஒரே வேனில் அடுத்த ஊருக்குப் போவதற்கு அதிக நாள் ஆகவில்லை.

1949இல் தி.மு.க. தொடங்கப்பட்டபோது அண்ணா ஒரு காரியம் செய்தார். கடவுள் மறுப்பைப் பின்னுக்குத் தள்ளி, திருமூலர் சொன்ன ஒரே தெய்வக் கொள்கையைக் கட்சியின் குரலாக்கினார். இறைவன் ஒருவனே என்பதை ஐந்து வேளையும் சொல்லும் ஒருவருக்கு அந்தக் கட்சியில் நெருடல் இருக்க வேண்டிய அவசியமில்லாமல் போயிற்று. நாகூருக்குப் பக்கத்திலிருக்கும் திருவாரூரில் வளர்ந்த மு. கருணாநிதியின் நட்பும் சேர்ந்துகொண்டது.

1953இல் டால்மியாபுரத்தின் பெயரைக் கல்லக்குடி என்று மாற்றக் கோரிக் கருணாநிதி ரயில் மறியல் செய்து சிறை சென்றார். அந்தப் போராட்டத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் ஹனிபாவின் பாட்டுக்குப் பெரும் பங்குண்டு. அண்ணா அழைக்கிறார் என்று கூவிய பாட்டும், உதயசூரியனைப் பற்றிய பாட்டும் தேர்தலுக்குத் தேர்தல் திரும்ப வந்தன. தலைவர் வர நள்ளிரவாகும் கூட்டங்களில், அதுவரை கூட்டத்தைக் கலையாமல் பிடித்து வைப்பது பாடகரின் பொறுப்பு. படிக்கத் தெரியாத தொண்டருக்குக் கட்சியின் வரலாறு அந்தப் பாட்டுகள் வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது.

கவனித்துக் கேட்டால் ஒன்று புலப்படும். கட்சிப் பாட்டுக்கும் பக்திப் பாட்டுக்கும் அவர் தனித்தனிக் குரல் வைத்துக்கொள்ளவில்லை. அதே உச்சம், அதே நடை, கூட்டத்தை நோக்கி நீட்டும் அதே அழைப்பு. ஆண்டவனிடம் கேட்கச் சொன்னாலும் அண்ணாவிடம் வரச் சொன்னாலும் அவர் நின்றது ஜனங்களுக்கு நடுவில்தான்.

விசுவாசத்துக்கு அரசியல் தந்த விலை சுமாரானது. சட்ட மேலவை உறுப்பினர், வக்பு வாரியத் தலைவர் பதவிகள் கிடைத்தன. சட்டமன்றம் வாய்க்கவில்லை. 2002இல் வாணியம்பாடி இடைத்தேர்தலில், எழுபத்தாறு வயதில், தி.மு.க. வேட்பாளராக நின்று தோற்றார். 1972இல் எம்.ஜி.ஆர். வெளியேறியபோதும் 1993இல் வைகோ வெளியேறியபோதும் கட்சி பிளந்தது, ஹனிபா நகரவில்லை. பாட்டுகளை வைத்திருந்தவர் கட்சி மாறியிருந்தால் எந்தப் பாட்டை யார் போடுவது என்பதே பெரிய வழக்காகியிருக்கும்.

சினிமாவும் அவரை அவ்வப்போது கூப்பிட்டது. 1961இல் வந்த ‘பாவ மன்னிப்பு’ படத்தில் விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையில், டி.எம். சௌந்தரராஜனுடன் சேர்ந்து அவர் பாடிய பாட்டு இன்றும் ரம்ஜான் தவறாமல் ஒலிக்கிறது. 1992இல் ‘செம்பருத்தி’க்காக இளையராஜா அவரைப் பாடவைத்தார். 1997இல் ‘ராமன் அப்துல்லா’வில் பாடியபோது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இருந்தாலும் சினிமாப் பாடகர் என்ற பெயர் அவருக்கு ஒட்டவில்லை. கதாநாயகனுக்குக் குரல் கொடுப்பவராக ரசிகர்கள் அவரைக் கற்பனை செய்ததில்லை. திரையில் யார் வாயசைத்தாலும் பாடுவது ஹனிபாதான் என்று தெரிந்துவிடும்.

ஆகுமா, ஆகாதா?

இரண்டாவது முடிச்சு இதைவிடச் சிக்கலானது. இஸ்லாத்தில் இசையின் இடம் பற்றிய விவாதம் பல நூற்றாண்டுப் பழமை கொண்டது. இசைக்கருவிகளே கூடாது என்பவர்கள் உண்டு. ‘தஃப்’ எனும் ஒருமுகப் பறைக்கு மட்டும் இடம் தருபவர்கள் உண்டு. இசை இறைவனை நெருங்கும் வழி என்று கொள்ளும் சிஷ்தியா போன்ற சூஃபி நெறிகளும் உண்டு; கவ்வாலி பிறந்தது அந்த மரபில்தான். தமிழ்நாட்டில் எண்பதுகளிலிருந்து வலுப்பெற்ற சீர்திருத்த அமைப்புகள் தர்கா வழிபாட்டையும் கந்தூரியையும் கடுமையாக விமர்சித்தன. அவர்களின் பார்வையில், இறைநேசரைப் புகழ்ந்து வாத்தியத்தோடு பாடும் பாட்டுக்கு இடமே இல்லை.

வீடுகளில் இந்த விவாதம் வேறு மாதிரி நடந்தது. வாத்தியம் கூடாது என்று நம்பும் மகன், ஹனிபா கேசட்டை நாற்பது வருடமாகக் கேட்கும் தகப்பனாரிடம் அதை நிறுத்தச் சொல்ல முடியாத சங்கடம் பல குடும்பங்களுக்குப் பழக்கமானது. நோன்பு மாதத்தின் விடியற்காலைச் சாப்பாட்டு நேரமான சஹர் வேளையும் அந்தக் குரலும் அவர்கள் நினைவில் பிரிக்க முடியாதவை. இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவை பாக் நீரிணையைத் தாண்டி அந்தப் பாட்டுகளைத் தென் மாவட்ட வீடுகளுக்குள் கொண்டுவந்தது. எண்பதுகளில் கேசட் வந்த பிறகு, வானொலி நேரத்துக்குக் காத்திருக்க வேண்டிய தேவையும் போய்விட்டது.

இதே காலத்தில் இன்னொரு முஸ்லிம் கலைஞர் வேறு திசையில் நடந்துகொண்டிருந்தார். ஆந்திரத்தின் கரவதியில் 1924இல் பிறந்து ஸ்ரீரங்கத்தில் குடியேறிய ஷேக் சின்ன மௌலானா, ரங்கநாதர் ஊரில் நாதஸ்வரம் வாசித்தார். தலைமுறை தலைமுறையாக அந்த வாத்தியமே அவர் குடும்பத்தின் தொழில். 1998இல் சென்னை மியூசிக் அகாதமி அவருக்குச் சங்கீத கலாநிதி பட்டம் அளித்தது. அவருடைய சீடர்களான காலிஷாபி மெஹபூப் - ஷேக் மெஹபூப் சுபானி தம்பதி 2020இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். சின்ன மௌலானா கோயிலின் இசையை எடுத்துக்கொண்டு தன் மதத்தில் நின்றார். ஹனிபா தெருவின் இசையை எடுத்துக்கொண்டு தன் மதத்தையே பாடினார். முன்னவரைச் சபாக்கள் கொண்டாடின. பின்னவருக்குச் சபா தேவைப்படவில்லை. டீக்கடை போதுமானதாக இருந்தது.

இரட்டைச் சிறுபான்மை

பெங்களூரில் இந்தக் கதைக்கு இன்னொரு அர்த்தம் சேர்கிறது. 1809இல் ஆங்கிலேயர்கள் அல்சூர்ப் பகுதியில் ராணுவக் கன்டோன்மென்ட் அமைத்தபோது, சென்னை மாகாணத்திலிருந்து சிப்பாய்களும் கொத்தனார்களும் வியாபாரிகளும் வந்து சேர்ந்தார்கள். ஜோகுபாளையம் உள்ளிட்ட பேட்டைகளின் தமிழ் அன்று வந்தது. வந்தவர்களில் தமிழ் முஸ்லிம்களும் இருந்தார்கள். ஆனால் அந்நகரில் முஸ்லிம் என்றாலே உருது பேசுபவர் என்று எடுத்துக்கொள்வதுதான் வழக்கம்.

சொற்களிலேயே அந்த வேறுபாடு தெரியும். உருது பேசுபவருக்கு நமாஸ். தமிழ் முஸ்லிமுக்குத் தொழுகை. அவருக்கு ரோஜா, இவருக்கு நோன்பு. அவருக்கு மஸ்ஜித், இவருக்குப் பள்ளிவாசல். குர்ஆனைத் திருமறை என்பார், பெருநாளைக்குப் ‘பெருநாள்’ என்றே பெயர் வைத்திருப்பார். தாய்மொழியில் மதத்தைச் சொல்ல முடிகிற இந்த வசதி, உருது சூழ்ந்த நகரத்தில் ஒரு தனிமையும்கூட. பள்ளிவாசலில் பேச்சு உருதுவில் இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளை கன்னடமும் ஆங்கிலமும் படிக்கலாம். அந்தத் தமிழ்ச் சொற்கள் அத்தனையும் கலையாமல் அடுத்த தலைமுறையின் காதில் விழுவதற்கு வீட்டில் இருந்த வழிகளில் ஒன்று ஹனிபாவின் கேசட்.

தொண்ணூறுகளில் அந்தத் தனிமை கூர்மையடைந்தது. 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி பெங்களூரில் கலவரம் வெடித்தபோது தாக்கப்பட்டவர்கள் தமிழர்கள். 1994 அக்டோபரில், தூர்தர்ஷனில் உருதுச் செய்தி ஒளிபரப்பானதை எதிர்த்து எழுந்த போராட்டம் கலவரமாக மாறியபோது பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். தமிழ் முஸ்லிம் முதல் முறை தமிழர் என்பதற்காகப் பயந்தார். மூன்றாண்டு கழித்து, தான் பேசாத ஒரு மொழிக்காகப் பயந்தார். இரண்டு முறையும் அவரைக் காட்டிக்கொடுக்கக்கூடியது ஜன்னல் வழியாக வெளியே கேட்கும் ஒரு பாட்டு. அதே பாட்டுதான் அவர் தமிழரும் முஸ்லிமும் ஆனவர் என்பதை ஒரே மூச்சில் சொன்னது.

ஜோகுபாளையத்துக்குப் பக்கத்தில், அல்சூர் ஏரி அருகே ஒரு திருவள்ளுவர் சிலை இருக்கிறது. 1991இல் நிறுவப்பட்டும், எதிர்ப்பு காரணமாகப் பதினெட்டு ஆண்டுகள் துணி மூடிக் கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி அதைத் திறந்து வைத்தவர் ஹனிபாவின் நண்பரான அன்றைய தமிழக முதல்வர் கருணாநிதி. உடனிருந்தவர் அன்றைய கர்நாடக முதல்வர் எடியூரப்பா. குறளுக்கு மதமில்லை என்று பேச்சாளர்கள் சொல்வது வழக்கம். அந்தக் குறளே பெங்களூரில் வெளிச்சம் பார்க்கப் பதினெட்டு ஆண்டுகள் ஆயிற்று. எந்த அனுமதியும் கேட்காமல் அதே பேட்டைகளின் டீக்கடைகளில் நுழைந்து உட்கார்ந்துவிட்ட பாட்டின் சாதனை எவ்வளவு பெரியது என்பது அப்போதுதான் விளங்குகிறது.

யாரை அழைக்கிறது?

மைக் செட் கடைகளின் ரெக்கார்டுப் பெட்டிகள் பழைய சாமான் கடைக்குப் போய்விட்டன. கேசட்டும் போயிற்று, குறுந்தகடும் போயிற்று. ஹனிபா பாணியில் பாடும் பாடகர்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் இருக்கிறார்கள். அவர் குரலை அச்சாகப் பிடிப்பவர்களும் உண்டு. ஆனால் அந்தக் குரலை வளர்த்த சூழல் திரும்ப வராது. மீலாது மேடையில் பகுத்தறிவுப் பேச்சாளர் ஏறுவதும், கட்சி மேடையில் ஹாஜியார் பாடுவதும், இரண்டையும் ஒரே கூட்டம் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவதும் அரிதாகிவிட்டன. மேடைகள் இன்று தனித்தனி. கூட்டங்களும் தனித்தனி.

மிச்சமிருப்பது பாட்டு. அவற்றில் எல்லோருக்கும் தெரிந்தது, அப்துல் சலாம் எழுதிய ‘இறைவனிடம் கையேந்துங்கள்’. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவரும் வேளாங்கண்ணிக்குக் கொடி பார்க்கப் போகிறவரும் அந்தப் பாட்டை இஸ்லாமியப் பாட்டு என்று தெரிந்தே முணுமுணுக்கிறார்கள். தலைப்பில் இருக்கும் இரண்டே சொற்களில் அதற்கான காரணம் இருக்கிறது. ‘இறைவன்’ என்ற சொல்லை எந்த மதமும் தனக்கு மட்டும் எழுதி வாங்கியதில்லை. அடுத்த சொல் ‘கையேந்துங்கள்’. நீங்கள் என்று பன்மையில் அழைக்கிறது, அழைக்கப்படுபவர் யார் என்று கேட்கவில்லை. ஜோகுபாளையத்தில் விடியற்காலை டீ ஆற்றுகிறவரும் அதைக் கேட்டு வளர்ந்தவர்தான்.